விமானத்துக்கு ஒரு காஜா

பல்லாவரத்தில் இருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். விடியற்காலையில் மொட்டை மாடியில் நடக்கும்போது மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானங்களைப் பார்ப்பது அவர் வழக்கம். "சில விமானங்களுக்கு ஜன்னலே இல்லை. மூக்குக்குக் கொஞ்சம் பின்னால், இடது பக்கத்தில் பெரிய கட்டம் போல ஒரு கோடு தெரிகிறது. பழைய பயணி விமானத்தை வெட்டி இப்படி மாற்றுகிறார்கள் என்று என் மகன் சொல்கிறான். பழசை வெட்டி ஒட்டிப் பறக்கவிடுவது சரியா? சரக்குக்கென்றே புதிதாக வாங்கினால் என்ன?"

மகன் சொன்னது உண்மைதான். சென்னையைத் தளமாகக் கொண்ட புளூ டார்ட் ஏவியேஷன் ஓட்டும் போயிங் 757 விமானங்கள் பயணிகளுக்காகக் கட்டப்பட்டு, பிறகு சரக்குக்கு மாற்றப்பட்டவை. இன்டிகோ 2022ல் சேர்த்துக்கொண்ட ஏர்பஸ் ஏ321 சரக்கு விமானமும் அப்படித்தான்: 24 கன்டெய்னர், 27 டன் வரை ஏற்றும். உலகம் முழுக்கக் கூரியர் பார்சல்களைச் சுமக்கும் நடுத்தர ஜெட்டுகளில் பெரும்பாலானவை ஒரு காலத்தில் ஆட்களை ஏற்றியவை.

மாற்றுவதில் பாதி வேலை எளிதாகப் புரிந்துவிடும். இருக்கை, கழிவறை, சமையல் மேடை, தலைக்கு மேல் இருக்கும் பெட்டி எல்லாம் வெளியே போகும். ஜன்னல் கண்ணாடிகளை எடுத்துவிட்டு அலுமினிய மூடி போடுவார்கள். தேவையில்லாத பயணி கதவுகள் திறக்காதபடி முடக்கப்படும். தரையைப் பலப்படுத்தி, பேலட் என்ற சரக்குத் தட்டு உருண்டு போக உருளைகளும் அதை நிறுத்திவைக்கப் பூட்டுகளும் பொருத்துவார்கள். புகையை உணரும் கருவிகள் வரும். இதையெல்லாம் வேகமாகக் கடந்துவிடுகிறேன். எனக்குச் சொல்ல ஆசையாக இருப்பது அந்தக் கதவைப் பற்றி.

பேலட் என்பது சரக்கை அடுக்கி வலை போட்டுக் கட்டும் அலுமினியத் தட்டு. 3 மீட்டருக்கு மேல் நீளம், 2 மீட்டருக்கு மேல் அகலம். நாம் ஏறும் கதவு வழியாக அது நுழையாது. அதனால் விமானத்தின் பக்கவாட்டில் சுமார் மூன்றரை மீட்டர் நீளம், 2 மீட்டருக்குச் சற்று அதிகமான உயரத்தில் ஓர் ஓட்டை போட வேண்டும். ஒரு ஹால் சுவரில் பெரிய ஜன்னல் வைப்பது போலத்தானே என்று தோன்றலாம். ஆனால் சுவர் நிற்பது பாரத்தைத் தாங்கி. விமானத்தின் உடல் நிற்பதோ உள்ளே அடைத்த காற்றைத் தாங்கி.

உயரே போகப் போக வெளிக்காற்று மெலிந்துவிடும். விமானிகள் மூச்சுவிட வேண்டும், கோழிக்குஞ்சும் குதிரையும்கூடச் சரக்காகப் போகின்றன. எனவே உள்ளே காற்றை அழுத்தி வைக்கிறார்கள். உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள அழுத்த வித்தியாசம், உச்சத்தில், சதுர மீட்டருக்குச் சுமார் 6 டன். 737, 757 இரண்டின் உடலும் கிட்டத்தட்ட ஒரே அகலம், விட்டம் சுமார் 3.76 மீட்டர். உள்காற்று எல்லாப் பக்கமும் தள்ள, உடலின் தோல் உருளையைச் சுற்றி இழுபடும். அழுத்தத்தை ஆரத்தால் பெருக்கினால் அந்த இழுவை கிடைக்கும்: 6 டன்னை 1.88ஆல் பெருக்க, ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் 11 டன்னுக்கு மேல். இத்தனையையும் தாங்கும் அலுமினியத் தகடு சில இடங்களில் 1 மில்லிமீட்டரை ஒட்டிய தடிமன்தான். உள்ளே விலா எலும்பு போன்ற வளையங்களும் நெடுக்குவாட்டில் ஓடும் கம்பிகளும் அதற்குத் துணை.

இந்தத் தோலில் மூன்றரை மீட்டருக்கு வெட்டினால், அங்கே ஓடிக்கொண்டிருந்த ஏறக்குறைய 40 டன் இழுவை எங்கே போகும்?

இதைப் புரியவைக்க நான் எப்போதும் எடுப்பது சட்டையைத்தான். புதுத் துணியில் பட்டனுக்காகக் கத்தரியால் ஒரு கீறல் மட்டும் போட்டு, அப்படியே மாட்டிப் பாருங்கள். இரண்டு நாளில் கீறலின் முனை கிழிந்து நீளும். அதனால்தான் தையல்காரர் கீறலைச் சுற்றி நெருக்கமாக நூல் ஓட்டிக் காஜா போடுகிறார். எங்கள் தெரு தையல்கடையில் சின்ன வயதில் கவனித்திருக்கிறேன்: கீறலின் நீளப் பக்கங்களில் ஊசி சீராக ஓடும், இரண்டு முனைகளில் மட்டும் அகலமாக நாலைந்து தையல் குறுக்கே விழும். துணி முதலில் கிழிவது முனையில் என்பது அவருக்குக் கைப்பழக்கமாகத் தெரிந்திருந்தது.

விமானத்திலும் கதை அதேதான். இழுவை வளைந்து ஓட்டையைச் சுற்றிப் போக வேண்டியிருப்பதால் மூலைகளில் நெரிசல் அதிகம். அதனால் மூலைகளைக் கூராக விடாமல் வளைவாக வெட்டுகிறார்கள். ஓட்டையைச் சுற்றித் தகட்டின் மேல் தகடாக வைத்து ரிவெட் என்ற இணைப்பு ஆணிகளை அடிக்கிறார்கள். அந்தத் தகடுகள் எல்லாம் ஒரே இடத்தில் முடியக் கூடாது. முடிந்தால், தடித்த இடமும் மெல்லிய இடமும் சந்திக்கும் அந்தக் கோட்டில், முதல் வரிசை ரிவெட் துளைகளில் இருந்தே விரிசல் கிளம்பும். எனவே ஒவ்வோர் அடுக்கும் அடுத்ததைவிடச் சற்று நீண்டு, படிக்கட்டு இறங்குவது போல மெலிந்துகொண்டே போய்ப் பழைய தோலில் கலக்கும். மேல்விளிம்பிலும் கீழ்விளிம்பிலும் உறுதியான நெடுக்குச் சட்டங்கள், இரு பக்கமும் கனமான புது வளையங்கள். இது விமானத்தின் காஜா.

இனி பட்டன். தொந்தி உள்ளவர் இறுக்கமான சட்டை போட்டால், துணியின் இழுவை காஜா வழியாகப் பட்டனுக்குப் போய் மறுபக்கத் துணிக்குத் தாவுகிறது. பட்டன் போட்ட பிறகு சட்டையில் ஓட்டையே இல்லாதது போல அது இயங்குகிறது. சரக்குக் கதவும் மூடியிருக்கும்போது வெறும் மூடி இல்லை, உடலின் ஒரு துண்டு. கதவின் மேல்விளிம்பு முழுக்கப் பியானோ மூடியில் இருப்பது போன்ற நீளமான கீல். கீழ்விளிம்பில் வரிசையாகத் தாழ்ப்பாள்கள். சுற்றி வரும் இழுவை கீல் வழியாகக் கதவுக்குள் இறங்கி, தாழ்ப்பாள் வழியாக மறுபடி உடலுக்குள் போய்விடும். நம் 40 டன்னுக்குப் பதில் இதுதான். அத்தனை பெரிய ஓட்டை போட்டும் உடல் வட்டமாகவே நிற்பதை முதலில் படித்துப் புரிந்துகொண்ட அன்று எனக்கு ஏற்பட்ட சந்தோஷம் இன்னும் குறையவில்லை.

வெட்டும் நேரமும் பார்க்க வேண்டிய காட்சி. ஹேங்கரில் விமானத்தை ஜாக்கியில் ஏற்றி, உடலுக்கு அடியில் பல இடங்களில் முட்டுக் கொடுத்து, மட்டம் பார்த்து நிறுத்துவார்கள். நின்ற இடத்திலேயே தன் எடையால் உடல் இம்மியளவு தொய்ந்திருக்கும். அந்தத் தொய்வோடு வெட்டி, அப்படியே புதுச் சட்டத்தை அடித்துவிட்டால் கோணல் நிரந்தரமாகிவிடும். கதவு சரியாக உட்காராது. அதனால் வெட்டும் நேரத்தில் அந்தப் பகுதியில் சுமை ஏதும் ஓடாதபடி பார்த்துக்கொள்கிறார்கள்.

இதில் தாழ்ப்பாள்தான் உயிர்நாடி. பயணி கதவுகளில் பல, குக்கர் மூடி போல உள்ளிருந்து விளிம்பில் அழுந்தி உட்காருபவை; காற்றே அவற்றை மூடிவைக்கும். சரக்குக் கதவு வெளிப்பக்கம் திறப்பது. காற்று அதை 40 டன்னுக்கு மேல் வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். 1989 பிப்ரவரி 24 அன்று ஹொனலூலுவில் இருந்து கிளம்பிய யுனைடெட் 811 என்ற 747 பயணி விமானத்தில், அடித்தளச் சரக்குக் கதவு நடுவானில் திறந்து பிய்ந்து போனது. 9 பேர் வெளியே இழுக்கப்பட்டு இறந்தார்கள். கடலின் ஆழத்தில் இருந்து அந்தக் கதவை மீட்டெடுத்துப் பார்த்த பிறகுதான் காரணம் தெளிவானது: மின்கோளாறால் தாழ்ப்பாள் மோட்டார் தானாகத் திருப்ப, அதைத் தடுக்க வேண்டிய பூட்டுக்கு வலு போதவில்லை. இன்றைய சரக்குக் கதவில் தாழ்ப்பாளைத் தனிப் பூட்டு பிடித்திருக்கும். அந்தப் பூட்டு முழுதாக விழாவிட்டால் கதவில் உள்ள சின்னத் துவாரம் திறந்தே இருக்கும். உள்ளே காற்று அழுத்தம் ஏறவே ஏறாது. ஒன்பது உயிர் கற்றுத்தந்த பாடம் ஒவ்வொரு கதவிலும் இருக்கிறது.

அப்புறம் விமானிகளின் முதுகுக்குப் பின்னால் இருக்கும் தடுப்பு. பயணி விமானத்தில் ஒவ்வொருவரையும் அவரவர் பெல்ட் பிடித்துக்கொள்ளும். சரக்கு விமானத்தில் பத்திருபது டன் சரக்கு பின்னால் நிற்கிறது. தரையில் மோதி நின்றால் அது முன்னோக்கிப் பாயும். புவியீர்ப்பைப் போல 9 மடங்கு விசையில் முன்னால் வந்தாலும் விமானிகளை அது நெருங்கக் கூடாது என்பது விதி. அதற்குத்தான் அந்த உறுதியான சுவர். மேல்தளத்தில் தீப்பிடித்தால் என்ன செய்வது? காற்றோட்டத்தை நிறுத்தி, உள்ளழுத்தத்தை வெளியேற்றிவிட்டு, விமானிகள் ஆக்சிஜன் முகமூடியோடு ஓட்டுவார்கள். மூச்சுக்குக் காற்று இல்லாத நெருப்பு சோர்ந்துவிடும்.

சரி, இத்தனை பாடுபடுவதற்குப் புதிதாகவே வாங்கலாமே? வாங்கக் கடையில் இருக்க வேண்டும். 737, ஏ321 அளவில் தொழிற்சாலையில் இருந்து புதிதாக வரும் சரக்கு ஜெட் இன்று கிடையாது. 757 உற்பத்தி 2004லேயே முடிந்துவிட்டது. அந்த அளவு தேவைப்படுகிறவருக்கு மாற்றிய விமானம்தான் வழி.

யாரும் ஏன் புதிதாகக் கட்டவில்லை என்பதற்கான காரணம் கடிகாரத்தில் இருக்கிறது. ஒரு பயணி விமானம் நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் பறக்கும். கூரியர் விமானம் நள்ளிரவில் ஓர் ஊருக்குப் போய் விடிவதற்குள் திரும்பும். மூன்று நான்கு மணி நேரம்தான். மீதி நேரம் நிற்கும். நின்றாலும் கடனுக்கு வட்டி ஓடும். அதனால் வாங்கும் விலை குறைவாக இருப்பதுதான் இங்கே முக்கியம். எரிபொருள் கொஞ்சம் கூடுதலாகக் குடித்தாலும், குறைந்த நேரமே பறப்பதால் கட்டுப்படியாகும். பதினைந்து இருபது வயதான 737-800ஐ வாங்கி, சுமார் 50 லட்சம் டாலர் செலவில் சில மாதங்களில் மாற்றிவிடலாம். பெரிய சரக்கு விமானமான புதிய 777 எஃப்பின் விலை போயிங்கின் 2019 பட்டியலில் 35 கோடி டாலருக்கு மேல். பட்டியல் விலையை எவரும் அப்படியே கொடுப்பதில்லை என்றாலும் தூரம் தெரிகிறது அல்லவா?

நீண்ட தூரத்துக்கு வந்தால் கணக்கு திரும்பிவிடும். 777 எஃப் 100 டன்னுக்கு மேல் ஏற்றிக்கொண்டு சுமார் 9,000 கிலோமீட்டர் பறக்கும். நாள் முழுக்க ஓட்டுகிறவருக்கு எரிபொருள்தான் பெரிய செலவு. அங்கே புதியதே லாபம். 747 சரக்கு விமானம் மூக்கைத் தூக்கித் திறந்து நீளமான இயந்திரங்களை விழுங்குமே, அந்த மூக்குக் கதவும் தொழிற்சாலையில் பிறந்தவற்றுக்கு மட்டும்தான் உண்டு. மாற்றிய 747க்குப் பக்கக் கதவுதான். ஆனால் இப்போதைய சரக்கில் பெரும்பகுதி இணையத்தில் வாங்கும் பார்சல்கள். எடை குறைவு, இடம் அதிகம் பிடிக்கும். எடை வரம்பை எட்டும் முன்பே விமானம் நிரம்பிவிடும். அதற்காகவே இஸ்ரேலின் ஐஏஐ நிறுவனம் நீளமான 777-300 ஈஆர் பயணி விமானத்தை மாற்றும் வேலையில் 2019ல் இறங்கியது. புதிய 777 எஃப்பைவிட 25 சதவீதம் அதிக இடம். அனுமதி கைக்கு வர 2025 ஆகிவிட்டது.

அந்த ஆறு வருடத்தைக் கவனியுங்கள். வெட்டுவது சில மாத வேலை. எங்கே வெட்டலாம், எத்தனை அடுக்கு, எந்த ரிவெட், எத்தனையாவது பயணத்தில் எந்த மூலையைச் சோதிக்க வேண்டும் என்று கணக்குப் போட்டு, அதை ஒழுங்குமுறை ஆணையத்திடம் நிரூபிப்பதுதான் வருடங்களை விழுங்குகிறது. காசும் அங்கேதான். 2023ல் ஐதராபாத்தில் 737 மாற்றும் பிரிவு ஒன்றை அமைக்க போயிங்கும் ஜிஎம்ஆரும் கைகோத்தன. நல்ல செய்தி. ஆனால் அது இன்னொருவர் வரைந்த வரைபடத்தைப் பார்த்து வெட்டும் வேலை. வரைபடமே நம்முடையதாக வேண்டும் என்பது என் ஆசை. உலோகச் சோர்வை ஆராயும் அனுபவம் பெங்களூரு தேசிய விண்வெளி ஆய்வகத்தில் இருக்கிறது. குரோம்பேட்டை எம்ஐடி மாணவர்கள் மாற்றப்பட்ட இந்த விமானங்களின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டேதான் விமானப் பொறியியல் படிக்கிறார்கள். ஒரு பழைய உடற்பகுதியை வாங்கிக் கொடுத்து, வெட்டிப் பாருங்கள், கதவு வைத்துப் பாருங்கள், ஆயிரக்கணக்கான முறை காற்றடைத்து விரிசல் எங்கே வருகிறது என்று தேடுங்கள் என்று சொல்ல ஓர் ஆய்வு நிதி போதும். இப்படிப்பட்ட வேலைக்கு நம் நாட்டில் பணம் கிடைப்பது அரிதாக இருப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

வாசகரின் முதல் கேள்விக்கு வருகிறேன்: பழசு பாதுகாப்பா? விமானத்தின் வயதை ஆண்டில் மட்டும் எண்ணுவதில்லை, பயணத்தில் எண்ணுகிறார்கள். ஒவ்வொரு முறை ஏறி இறங்கும்போதும் உடல் ஒருமுறை ஊதித் தளர்கிறது. கம்பியை மடக்கி நிமிர்த்துவது போலத்தான் அது. அந்த எண்ணிக்கைக்கு உச்ச வரம்பு உண்டு, இடையிடையே மின்சுழலோட்டக் கருவியை வைத்துக் கண்ணுக்குத் தெரியாத விரிசலைத் தேடும் சோதனையும் உண்டு. ஓர் இரவுக்கு இரண்டே முறை ஏறி இறங்கும் கூரியர் விமானத்துக்கு அந்த எண்ணிக்கை மெதுவாகத்தான் கூடும். பழசு என்றாலே ஆகாது என்ற பயம் நமக்குள் ஆழமாக இருக்கிறது. கேட்க வேண்டிய கேள்வி, எத்தனை முறை பறந்தது, எப்போது சோதித்தார்கள் என்பதுதான்.

நீங்கள் மாடியில் இருந்து பார்த்த கோடு அந்தக் கதவின் விளிம்பு. வெயில் சாய்வாக விழும் நேரத்தில், கொஞ்சம் கிட்டத்தில் பார்க்க வாய்த்தால், உடல் நெடுக வரிசையாக முட்டை வடிவத் தடங்களும் தெரியும். அவை ஜன்னல் இருந்த இடங்கள். சரக்குக்கென்றே தொழிற்சாலையில் கட்டியதில் அந்தத் தடம் இருக்காது.