துரு தெரியும் இடம் ஒன்று, தின்னும் இடம் வேறு

நாற்பது வயதான ஒரு கார் மலிவாகக் கிடைக்கிறது என்றால், பெரும்பாலும் காரணம் துருதான். இன்ஜின் போனால் இறக்கிப் பிரித்து, பிஸ்டன் ரிங் மாற்றி, திரும்ப ஏற்றிவிடலாம். சீட் தைக்கலாம், வயரிங்கைப் புதிதாக இழுக்கலாம். பாடி அப்படியில்லை. கார் என்பதே அதுதான், மற்றதெல்லாம் அதில் மாட்டியிருப்பவை. அப்படிப்பட்ட பழைய காரை வாங்கி, துணி போட்டு மூடி வைக்காமல் தினமும் வேலைக்கு ஓட்டிப் போக நினைக்கிறவர்கள் மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு. ஆனால் வாங்கப் போகும்போது அவர்களில் பலர் பயப்பட வேண்டாத துருவைப் பார்த்துப் பயப்படுகிறார்கள், பயப்பட வேண்டியதைக் கவனிக்காமல் விடுகிறார்கள். துரு எப்படி உண்டாகிறது என்று தெரிந்தால் இந்தக் குழப்பம் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

காய்ந்த காற்று மட்டும் பட்டால் இரும்பு துருப்பிடிக்காது, நடுவில் தண்ணீர் வேண்டும். ஈரம் படிந்த இரும்புத் தகடு உண்மையிலேயே ஒரு மின்கலம். அதில் ஓரிடத்தில் இரும்பு அணுக்கள் எலக்ட்ரான்களை விட்டுவிட்டு அயனிகளாகத் தண்ணீரில் கரைகின்றன. அந்த எலக்ட்ரான்கள் தகட்டின் வழியாகவே ஓடி வேறோர் இடத்துக்குப் போகின்றன. அங்கே தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் அவற்றை வாங்கிக்கொள்ள, ஹைட்ராக்சைடு உருவாகிறது. கரைந்த இரும்பும் இந்த ஹைட்ராக்சைடும் சந்தித்து, மேலும் கொஞ்சம் ஆக்சிஜன் சேர்ந்த பிறகுதான் பழுப்பு நிறத் துரு படிகிறது. அதாவது இரும்பு கரையும் இடமும் துரு படியும் இடமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.

கேம்பிரிட்ஜில் உலோக அரிப்பை ஆராய்ந்த யூலிக் எவன்ஸ் 1920களில் இதைக் கண்ணால் பார்க்கும்படி காட்டினார். நன்றாகத் தேய்த்துச் சுத்தம் செய்த இரும்புத் தகட்டில் ஒரு சொட்டு உப்புத் தண்ணீர். அதில் இரண்டு பொருள்கள் கலந்திருக்கும்: ஒன்று கரைந்த இரும்பு பட்டால் நீலமாகும், இன்னொன்று காரத்தன்மை பட்டால் இளஞ்சிவப்பாகும். சொட்டை வைத்ததும் இரு நிறமும் அங்கங்கே திட்டுத் திட்டாகத் தெரியும். கொஞ்ச நேரத்தில் அவை பிரிந்து ஒழுங்காகிவிடும். சொட்டின் நடுப்பகுதி நீலம், ஓரம் முழுக்க இளஞ்சிவப்பு, இரண்டுக்கும் இடையே மெல்லிய பழுப்பு வளையம். ஓரத்தில் தண்ணீர் மெல்லியதாக இருப்பதால் காற்றிலிருந்து ஆக்சிஜன் உடனுக்குடன் வந்து சேர்கிறது. நடுவில் தண்ணீர் ஆழம், அங்கே ஆக்சிஜன் சீக்கிரம் தீர்ந்துபோகிறது. இரும்பு கரைவது ஆக்சிஜன் குறைந்த அந்த நடுப்பகுதியில்தான். காற்றே படாவிட்டால் துரு வராது என்று நாம் நினைத்துக்கொண்டிருப்பதால், முதலில் இதை நம்பக் கொஞ்சம் கஷ்டமாக இருக்கும். ஓரத்தில் ஆக்சிஜன் இருக்கிறது, நடுவில் இல்லை என்ற அந்த வித்தியாசம்தான் மின்னோட்டத்தை ஓட்டுகிறது.

இதை இப்போது காருக்குக் கொண்டுவருவோம். கார் பாடி என்பது ஒரு மில்லிமீட்டரை ஒட்டிய தடிமன் உள்ள தகடுகளை ஒன்றின் மேல் ஒன்று வைத்து, ஆயிரக்கணக்கான இடங்களில் ஸ்பாட் வெல்டிங் செய்து இணைத்தது. இரண்டு வெல்டிங் புள்ளிகளுக்கு நடுவே, தகடுகளுக்கு இடையில் தலைமுடி அளவு இடுக்கு இருக்கும். பழைய கார்களில் பெயின்ட் அந்த இடுக்குக்குள் போனதே இல்லை. தண்ணீர் மட்டும் நுண்துளை ஈர்ப்பால் உள்ளே போய்விடும், லேசில் வெளியே வராது. உள்ளே ஆக்சிஜன் தீர்ந்ததும், சொட்டின் நடுப்பகுதியில் நடந்ததே இங்கும் தொடங்குகிறது.

உப்பும் இருந்தால் நிலைமை இன்னும் மோசம். இடுக்குக்குள் பெருகும் இரும்பு அயனிகளின் நேர்மின்னூட்டத்தைச் சமன்செய்ய, வெளியிலிருந்து குளோரைடு அயனிகள் உள்ளே நகர்கின்றன. இரும்பும் குளோரைடும் தண்ணீரும் சேரும்போது உள்ளே அமிலத்தன்மை ஏறுகிறது. அமிலம் இன்னும் இரும்பைக் கரைக்கிறது, அது இன்னும் குளோரைடை இழுக்கிறது. ஒரு தடவை ஆரம்பித்துவிட்டால் தன்னைத் தானே வேகப்படுத்திக்கொண்டு போகும் வினை இது.

அதனால்தான் பானெட்டின் நடுவே பெயின்ட் தேய்ந்து, பரவலாகச் செம்பழுப்பாகத் தெரியும் துரு பார்க்க மோசமாக இருந்தாலும் பெரும்பாலும் ஆபத்தில்லை. அங்கே காற்று சீராகப் படுகிறது, தண்ணீரும் வழிந்தோடிவிடுகிறது. நடுத்தரச் சூழலில் திறந்த வெளியில் இருக்கும் சாதாரண எஃகு முதல் ஆண்டில் இழப்பது சுமார் 25 முதல் 50 மைக்ரான்தான் (ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்). ஒரு மில்லிமீட்டர் தகட்டுக்கு அது அதிகபட்சம் இருபதில் ஒரு பங்கு. அதே நேரம் வீல் ஆர்ச்சின், அதாவது சக்கரத்துக்கு மேலே வளைந்திருக்கும் பாடித் தகட்டின், விளிம்பில் கடுகு அளவில் ஒரு பெயின்ட் கொப்புளம் இருந்தால், நான் அங்கே அரை மணி நேரமாவது உட்காருவேன். இரும்பு துருவாகும்போது அதன் பருமன் இரண்டு மடங்குக்கு மேல் பெருகும். நீர் சேர்ந்த வகைத் துரு என்றால் ஆறு மடங்கு வரைகூடப் போகும். வீல் ஆர்ச்சில் அந்தக் கொப்புளம் பெரும்பாலும் உள்ளிருந்து தொடங்கி, தகட்டைத் துளைத்து, இந்தப் பக்கம் தலைகாட்டும் துரு. இரண்டு தகடுகள் சேரும், நேராக இருக்க வேண்டிய தையல் கோடு அலையலையாகத் தெரிந்தால், உள்ளே வளர்ந்த துரு இரண்டு தகடுகளையும் நெம்பிப் பிரித்துக்கொண்டிருக்கிறது.

கதவுகளுக்குக் கீழே, முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரம் வரை நீளமாக ஒரு மூடிய பெட்டி ஓடுகிறது. தனிச் சேசிஸ் (அடிச்சட்டம்) இல்லாத கார்களில் எடையைத் தாங்குவதில் பெரும்பங்கு இந்தப் பெட்டிக்குத்தான். மூடியிருக்கும்வரைதான் அதற்குப் பலம். 10 செ.மீ. சதுரக் குழாய் ஒன்றை 1 மி.மீ. தகட்டில் செய்ததாக வைத்துக்கொள்வோம். அதன் ஒரு தையலை முழு நீளத்துக்கும் பிரித்துவிட்டால், முறுக்கைத் தாங்கும் விறைப்பு ஏறத்தாழ 7,500 மடங்கு குறைந்துவிடும். எடை அப்படியே இருக்கும், ஒரு கிராம் உலோகம்கூடக் குறைந்திருக்காது. காரில் மற்ற பாகங்களும் பிடித்துக்கொள்வதால் இவ்வளவு மோசமாகாது என்றாலும், துரு ஓட்டை போடாமலே, வெல்டிங் புள்ளிகளை மட்டும் அறுத்தே, ஒரு காரைத் தளர்த்திவிட முடியும் என்பதை இந்தக் கணக்கு காட்டுகிறது.

சோதிப்பதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். மெல்லிய துணி சுற்றிய காந்தத்தை வீல் ஆர்ச் ஓரமாக நகர்த்தினால், பட்டி பார்த்து மூடிய இடத்தில் பிடிப்பு தளரும். ஜாக்கி போடும் இடத்தைத் திருப்புளிப் பிடியால் தட்டினால் நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும், கெட்டது மொத்தென்று கேட்கும். முக்கியமாக, காரை ஜாக்கியில் தூக்கிய பிறகு கதவைத் திறந்து மூடிப் பாருங்கள். தரையில் சரியாக மூடிய கதவு இப்போது இடித்தால் பாடி வளைகிறது என்று அர்த்தம். அந்தக் காரை, விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும், தினசரி ஓட்டத்துக்கு வாங்காதீர்கள். பம்பர், கதவு, பானெட் இதெல்லாம் துருப்பிடித்திருந்தால் பேரம் பேசலாம், அவை கழற்றி மாற்றக்கூடியவை.

தயாரித்த ஆண்டும் நிறையச் சொல்லும். போர்ஷே 1970களின் நடுவில் 911இன் பாடிக்குத் துத்தநாகம் பூசிய எஃகைப் பயன்படுத்தத் தொடங்கியது. அவுடி 80 மாடல் 1986இல் அப்படி வந்தது. துத்தநாகம் இரும்பை விட எளிதில் எலக்ட்ரானை இழக்கும் என்பதால், கீறல் விழுந்தாலும் இரும்புக்குப் பதிலாகத் தானே கரையும். டெலோரியன் காரின் வெளித்தகடு துருப்பிடிக்காத எஃகு, ஆனால் அடியில் இருக்கும் சட்டம் எப்பாக்சி பூசிய சாதாரண எஃகு. வெளியே பளபளவென்றிருந்தாலும் அதையும் குனிந்து பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

சரி, வாங்கியாயிற்று, தினமும் ஓட்டுகிறீர்கள். முழுக்க நனைந்திருக்கும் தகட்டை விட, காய்ந்துகொண்டிருக்கும் தகடு வேகமாகக் கரையும். நீர்ப்படலம் மெலிய மெலிய ஆக்சிஜன் இரும்பை எட்டும் தூரம் குறைகிறது, கரைந்திருக்கும் உப்பின் செறிவும் ஏறுகிறது. தினசரி ஓடும் கார் நனைவதும் காய்வதுமாகவே இருப்பதால், இந்தக் கட்டத்தைத் திரும்பத் திரும்பக் கடக்கிறது. சமையலுப்பு 75 சதவீத ஈரப்பதத்திலேயே காற்றிலிருந்து தண்ணீரை இழுத்துக் கரைந்துவிடும், அதற்கு மழையே தேவையில்லை. பனிக்கு உப்புத் தூவிய சாலையில் ஓட்டிவிட்டுக் கழுவாமல் கதகதப்பான கொட்டகையில் நிறுத்தினால், வினைக்கு வேண்டிய சூட்டையும் நாமே கொடுத்துவிடுகிறோம். அதற்குக் காற்றோட்டமான கூரையடியே மேல்.

ஆகவே முதல் வேலை, கதவுகளின் அடியிலும் அந்த நீளப் பெட்டியின் அடியிலும் இருக்கும் வடிகால் துளைகளில் அடைத்திருக்கும் சேற்றையும் இலைச் சருகையும் குத்தி எடுப்பது. அப்புறம் வீல் ஆர்ச்சின் உள்பக்கத்தை நல்ல தண்ணீரால் அலசுவது. நன்றாகக் காய்ந்த ஒரு நாளில் பெட்டிகளுக்குள் மெல்லிய மெழுகெண்ணெயை நீளக் குழாய் வழியாகப் பீய்ச்சினால் அது இடுக்குக்குள் ஊர்ந்து போய்த் தண்ணீர் இருந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். பழைய துருவின் மேலேயே தாரைக் கனமாகப் பூசுவதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். தார் காய்ந்து வெடித்ததும் அடியில் புதிதாக ஓர் இடுக்கு கிடைத்துவிடும். பாஸ்பாரிக் அமிலமும் டானிக் அமிலமும் கலந்த துரு மாற்றிகள் மேல்மட்டத் துருவை நிலையான சேர்மமாக்கும், ஆனால் இரண்டு தகடுகளுக்கு நடுவே இருப்பதை அவை எட்டாது. அங்கே வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்வதுதான் வழி.

இவை எல்லாவற்றுக்கும் முன்பே பார்க்க வேண்டியது பிரேக் பைப். எஃகுக் குழாயைப் பாடியோடு பிடித்திருக்கும் ஒவ்வொரு கிளிப்புக்கு அடியிலும் ஓர் இடுக்கு இருக்கிறது, குழாய் மற்ற இடங்களில் நன்றாக இருந்தாலும் அங்கேதான் அரித்திருக்கும். வழக்கமான பிரேக் ஆயிலும் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் என்பதால் உள்பக்கமும் பாதுகாப்பில்லை. கிளிப்பைக் கழற்றாமல் இதைக் கண்டுபிடிக்க முடியாது. கழற்றும்போது பழைய குழாய் உடையவும் செய்யும். அதனால் தாமிர நிக்கல் கலப்புக் குழாயைப் புதிதாகப் போட்டு, ஆயிலையும் மாற்றிய பிறகே காரைச் சாலையில் இறக்குங்கள்.