லைட்டருக்குள் தளும்புவது

பெட்டிக்கடை லைட்டர்களில் உள்ளே இருப்பது வெளியே தெரிகிற ரகம் ஒன்று உண்டு. வெளிச்சத்தில் பிடித்து ஆட்டிப் பாருங்கள், தண்ணீர் மாதிரி ஏதோ தளும்பும். அது பெரும்பாலும் பியூட்டேன், அழுத்தி அடைத்த வாயு. வெளியே விட்டால் மைனஸ் 0.5 டிகிரியிலேயே கொதித்துப் பறந்துவிடும். அதே கடையில் விற்கும் மெழுகுவத்தியோ கெட்டிப் பொருள். இத்தனைக்கும் இரண்டும் ஒரே குடும்பம்: கார்பன், ஹைட்ரஜன், அவ்வளவுதான்.

தண்ணீர் மூலக்கூறுக்கு நேர்மின் முனை, எதிர்மின் முனை இரண்டும் உண்டு. அவை ஒன்றையொன்று பிடித்துக்கொள்வதில் வியப்பில்லை. பியூட்டேனும் மெழுகும் முனைவற்றவை, அதாவது அப்படி நிலையான முனைகள் இல்லாதவை. அவற்றை எது பிடித்து வைத்திருக்கிறது?

எலக்ட்ரான்கள் சும்மா இருப்பதில்லை. சராசரி பார்த்தால் எல்லாப் பக்கமும் சமம்தான். ஆனால் ஏதோ ஒரு கணத்தில் ஒரு பக்கம் சற்றே கூடிவிடும். அந்தப் பக்கம் எதிர்மின், மறுபக்கம் நேர்மின். உடனே பக்கத்து மூலக்கூறின் எலக்ட்ரான்களும் அதற்கேற்ப நகரும், இரண்டும் ஈர்த்துக்கொள்ளும். அடுத்த கணமே முனைகள் இடம் மாறும். ஆனாலும் இரண்டும் சேர்ந்தே மாறுவதால் ஈர்ப்பு நீடிக்கும். 1930-ல் குவாண்டம் கணக்குப் போட்டு இதை விளக்கியவர் ஃபிரிட்ஸ் லண்டன் என்ற ஜெர்மன் இயற்பியலாளர். 'லண்டன் விசை' என்ற பெயர் அவரால் வந்தது. லண்டன் மாநகரத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

தனித்துப் பார்த்தால் அற்ப ஈர்ப்பு. தூரம் இரட்டித்தால் ஈர்ப்பின் ஆற்றல் 64-ல் ஒரு பங்காகிவிடும். ஆனால் மூலக்கூறின் கார்பன் சங்கிலி நீள நீள, உரசிக்கொள்ளும் இடம் கூடும். ஒற்றைக் கார்பன் மீத்தேன் மைனஸ் 161 டிகிரியில் கொதிக்கும். எட்டு கார்பன் ஆக்டேனுக்கு 126 டிகிரி வேண்டும். மெழுகில் சங்கிலி 20, 30 கார்பன் என்று போகும்.

நீளம் மட்டும்தான் கணக்கு என்றால் மார்கழியில் நல்லெண்ணெய்தான் முதலில் உறைய வேண்டும். அதன் கொழுப்பு அமிலங்களில் பெரும்பாலும் 18 கார்பன். தேங்காய் எண்ணெயில் அதிகம் இருப்பது 12 கார்பன் லாரிக் அமிலம். ஆனால் உறைவது தேங்காய் எண்ணெய்தான்; உறையாவிட்டால் கலப்படம் என்று சந்தேகிக்கும் வீடுகள்கூட உண்டு. தேங்காய் எண்ணெயின் சங்கிலிகள் பெரும்பாலும் நேரானவை, அடுக்கிய விறகு போல நெருங்கிப் படுக்கும். நல்லெண்ணெய்ச் சங்கிலிகளில் இரட்டைப் பிணைப்பு (இரு கார்பன்கள் ஒன்றுக்குப் பதில் இரண்டு பிணைப்பால் சேர்வது) வரும் இடத்தில் ஒரு கோணல். கோணல் விறகை நெருக்கி அடுக்க முடியுமா? இடைவெளி விழும், 64-ல் ஒரு பங்குக் கணக்கு அங்கே வேலையைக் காட்டும். வனஸ்பதி ஆலையில் தாவர எண்ணெய்க்குள் ஹைட்ரஜனைச் செலுத்துவது இரட்டைப் பிணைப்பை ஒற்றையாக்கி அந்தக் கோணலை நிமிர்த்தத்தான்.