அரசு வழக்கறிஞரின் கருத்துரை எப்போது குற்றமாகும்?

"கவர்மென்ட் வக்கீலே எழுதிக் கொடுத்துட்டாரு சார், இனி என்ன பண்றது?" தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, திருவொற்றியூர் பக்கமிருந்து நிலப் பிரச்சினையோடு, சென்னை உயர் நீதிமன்றம் இருக்கும் பாரிமுனைக்கு வருகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. பட்டா மறுப்போ புறம்போக்கு நோட்டீஸோ, கோப்பில் ஒரு லீகல் ஒப்பீனியன், அதாவது அரசு வழக்கறிஞரின் சட்டக் கருத்துரை இருக்கும். அதிகாரி அதைக் காட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்வார்.

அந்தக் காகிதம் தீர்ப்பு இல்லை. அதை நம்பிப் போட்ட உத்தரவை மேல்முறையீட்டிலோ ரிட் மனுவிலோ தாராளமாக எதிர்க்கலாம். மக்களுக்குக் கோபம் வருவது அடுத்த கேள்வியில்தான்: வேண்டுமென்றே பொய்யாக எழுதிக் கொடுத்த வக்கீல் மீது கிரிமினல் கேஸ் போட முடியுமா?

முடியும். ஆனால் கருத்து தப்பு என்பது மட்டும் போதாது. தவறான ஆலோசனை வேறு, முறைகேடான ஆலோசனை வேறு என்று உச்ச நீதிமன்றம் 1983-லேயே பாண்டுரங் காண்டேகர் வழக்கில் சொல்லிவிட்டது. 2012-ல் வந்த நாராயண ராவ் வழக்கு இன்னும் தெளிவானது. வங்கி தன் பட்டியலில் வைத்திருந்த பேனல் வழக்கறிஞர் ஒருவர் சொத்துப் பத்திரங்களைப் பார்த்துக் கருத்துரை கொடுத்தார். பிறகு பத்திரங்கள் போலி என்று தெரிந்தது. சி.பி.ஐ. அவரையும் கூட்டுச்சதியில் சேர்த்தது. அவர் மீதான வழக்கை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது; மோசடிக்காரர்களோடு அவர் கைகோத்தார் என்பதற்கு ஆதாரம் இல்லை என்று உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. கவனக்குறைவு இருந்திருந்தால் வழக்கறிஞர்களின் நடத்தையைக் கண்காணிக்கும் பார் கவுன்சில் விசாரிக்கலாம், சிறைக்கு அனுப்ப அது போதாது என்பதே அதன் சாரம். இது சரியான தீர்ப்பு என்றே நினைக்கிறேன். இந்தப் பாதுகாப்பு இல்லாவிட்டால் எந்த வக்கீலும் அரசுக்குப் பிடிக்காத கருத்தைத் தைரியமாக எழுத மாட்டார்.

சரி, கெட்ட எண்ணம் இருந்தால்? இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 201, 256 ஆகிய பிரிவுகள் இருக்கின்றன. ஆவணம் தயாரிக்கும் பொறுப்பிலுள்ள பொது ஊழியர், தவறு என்று தெரிந்தே, பிறருக்குக் கேடு செய்யும் நோக்கோடு அதைத் தயாரித்தால் மூன்று ஆண்டு வரை தண்டனை. பணம் கைமாறியிருந்தால் ஊழல் தடுப்புச் சட்டம். தனியாருடன் சேர்ந்து செய்தால் 61-வது பிரிவின் கூட்டுச்சதி. பதவியைப் பொறுத்து, வழக்குத் தொடர அரசின் முன் அனுமதி தேவைப்படலாம். பல புகார்கள் அங்கேயே தூங்கிவிடுகின்றன.

கெட்ட எண்ணத்தை எப்படி நிரூபிப்பது? காகிதத்திலேயே தடயம் இருக்கும். நான் முதலில் படிப்பது கருத்துரையை இல்லை, அதைக் கேட்டு அலுவலகம் அனுப்பிய கடிதத்தை. ஒரு வழக்கில் அந்தக் கடிதத்தின் இணைப்புப் பட்டியலில், நிலத்துக்கு உரிமை கோரிய குடும்பத்துக்குச் சாதகமான பழைய நீதிமன்றத் தீர்ப்பே இல்லை. அதைப் பார்க்காமல் எழுதிய வக்கீலைக் குற்றவாளி என்று சொல்ல முடியாது. அங்கே கேள்வி, கடிதத்தை அனுப்பிய அதிகாரி மேல்தான். மாறாக, தீர்ப்பின் நகல் வக்கீலிடம் போனதற்குக் கையெழுத்து இருந்து, கருத்துரையில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லையென்றால், விஷயமே வேறு. அப்புறம் தேதிகள். காலையில் கேட்ட கேள்விக்கு அன்றே ஒரு பக்கத்தில் பதில், எந்த ஆவணத்தைப் பார்த்தார் என்ற குறிப்பு இல்லை. அல்லது முதலில் ஒரு மாதிரி எழுதி, திருப்பி அனுப்பியதும் நேர் எதிராக எழுதியிருப்பது. இவை சந்தேகத்துக்கு இடம்தானே தவிர, தனியாகக் குற்றத்தை நிரூபிக்காது.

இந்த 'எதை விட்டார்கள்' என்ற கேள்வி பெரிய இடங்களிலும் எழுந்தது. 2002 ஆகஸ்டில் அமெரிக்க அரசின் நீதித்துறை (ஜஸ்டிஸ் டிபார்ட்மென்ட்) வழக்கறிஞர்கள், கைதிகளைச் சித்திரவதை செய்வதற்கு வழிவிடும் கருத்துரையை எழுதினார்கள். அதிபரின் அதிகார வரம்பு பற்றிய 1952-ம் ஆண்டின் முக்கியமான தீர்ப்பை அதில் குறிப்பிடவே இல்லை. உள்விசாரணை தொழில்முறைத் தவறு என்றது; 2010-ல் உயர் அதிகாரி ஒருவர் அதை வெறும் மோசமான முடிவெடுப்பு என்று குறைத்தார். யார் மீதும் கிரிமினல் வழக்கு இல்லை. நியூரம்பெர்க்கிலோ 1947-லேயே நாஜி அரசின் சட்ட அதிகாரிகளும் நீதிபதிகளும் தண்டிக்கப்பட்டார்கள். சட்டம் தெரிந்தவர், தெரிந்தே அடுத்தவர் உயிரையும் வீட்டையும் பறிக்க உதவினால், படிப்பு அவருக்குக் கேடயமாகக் கூடாது.

நீங்கள் செய்ய வேண்டியது: தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தோடு விண்ணப்பம் போடுங்கள். கருத்துரையை மட்டும் கேட்காதீர்கள். கருத்து கேட்ட கடிதம், அதன் இணைப்புப் பட்டியல், அலுவலகக் குறிப்புப் பக்கங்கள் எல்லாம் வேண்டும் என்று தனித்தனியாக எழுதுங்கள். முப்பது நாளில் பதில் வர வேண்டும். நம்பிக்கையின் பேரில் பெற்ற தகவல் என்று 8(1)(இ) பிரிவைக் காட்டி மறுப்பார்கள். உடனே முதல் மேல்முறையீடு செய்து, பொதுநலன் பெரிது எனில் தகவல் தரலாம் என்ற 8(2) பிரிவைக் குறிப்பிடுங்கள். கோப்பு கைக்கு வரும்வரை வக்கீல் பெயரைப் போட்டு போலீசில் புகார் கொடுக்காதீர்கள். ஆதாரமில்லாமல் போன புகாரை, பின்னால் நல்ல ஆதாரம் கிடைக்கும்போது உங்களுக்கு எதிராகவே எடுத்துக் காட்டுவார்கள்.