ஐரோப்பியக் கோடைப் பள்ளிக்குப் போகும் கல்லூரி மாணவருக்கு விசா கட்டணம் கிடையாது

வரலாறு, இலக்கியம், தத்துவம் போன்ற பாடங்களில் இரண்டு மூன்று வாரக் கோடைப் பள்ளிக்கு ஐரோப்பாவில் இடம் கிடைத்த இளங்கலை மாணவர், ஷெங்கன் விசாவுக்கு (ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் போக வழி செய்வது) கட்டணம் கட்ட வேண்டியதில்லை. 2024 ஜூன் 11 முதல் அந்தக் கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ. படிப்புக்காகவோ பயிற்சிக்காகவோ போகும் பள்ளி, கல்லூரி, முதுகலை மாணவர்களிடமும் அவர்களுடன் செல்லும் ஆசிரியர்களிடமும் அதை வாங்கக் கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் விசா சட்டத்தொகுப்பு 16ஆம் பிரிவில் சொல்கிறது. தூதரகம் பார்த்துத் தரும் சலுகை அல்ல இது, உரிமை. ஆனால் கேட்டு வாங்க வேண்டிய உரிமை.

இதில் தவறு நடக்கும் இடம் ஒன்றுதான். விண்ணப்பப் படிவத்தில் பயணத்தின் நோக்கம் என்ற கட்டம் வரும். சுற்றுலா, உறவினரைப் பார்த்தல், பண்பாடு, படிப்பு என்று வரிசையாக இருக்கும். மூன்று வாரம்தானே என்று சுற்றுலாவில் டிக் போட்டால் கட்டண விலக்கும் போய்விடும், கையில் இருக்கும் அனுமதிக் கடிதத்தோடும் படிவம் முரண்படும். படிப்பு என்பதில்தான் போட வேண்டும். கோடைப் பள்ளி அனுப்பும் கடிதத்தில் தொடங்கும் நாள், முடியும் நாள், வாரத்துக்கு எத்தனை மணி நேர வகுப்பு, கட்டணத்தில் தங்குமிடம் சேர்ந்ததா என்பவை இருக்கட்டும். இல்லையென்றால் மறுபடி எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள், தருவார்கள். விண்ணப்பத்தை வாங்கும் தனியார் மையத்தின் சேவைக் கட்டணத்துக்கு இந்த விலக்கு பொருந்தாது, அதைக் கட்டித்தான் ஆக வேண்டும். விசா கட்டணத்தைக் கட்டிவிட்டுப் பிறகு திரும்பக் கேட்பது கடினம். கவுன்டரில் பணம் கொடுப்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

எந்த நாட்டுக்கு விண்ணப்பிப்பது? வகுப்பு நடக்கும் நாட்டுக்கு. முடித்துவிட்டு நான்கு நாள் பாரிஸ் பார்த்தாலும் அதிக நாள் இருக்கும் நாடே கணக்கு. எங்கே விண்ணப்பிப்பது என்பதில்தான் கேரள-தமிழ்நாடு எல்லையோரம் இருக்கும் நம் ஆட்கள் இடறுகிறார்கள். பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோவிந்தாபுரம் ஆட்களுக்குக் கடைகண்ணி, ஆஸ்பத்திரி எல்லாம் கோவையும் பொள்ளாச்சியும்தான். அதற்காக அத்தை வீட்டுக் கோவை முகவரியைப் போட வேண்டாம். நீங்கள் சட்டப்படி குடியிருக்கும் இடத்தின் தூதரக எல்லைதான் செல்லும். கேரளம் ஒரு தூதரகத்தின் கீழும் தமிழ்நாடு வேறொன்றின் கீழும் இருக்கலாம். ஆதார், பாஸ்போர்ட், கல்லூரிச் சான்று மூன்றிலும் பாலக்காடு முகவரி இருந்தால் கேரளத்துக்கான மையத்திலேயே நேரம் வாங்குங்கள்.

பெயர் இன்னொரு தலைவலி. எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் "கவின் எம்" என்று இருக்கும். பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்து "கவின் முருகன்" என்று ஆகியிருக்கும். கோடைப் பள்ளிக்கு விண்ணப்பிக்கும்போதே பாஸ்போர்ட்டில் உள்ளதை எழுத்துக்கு எழுத்து அப்படியே எழுதுங்கள். காப்பீடு, விமான டிக்கெட் எல்லாவற்றுக்கும் அதே பெயர்தான். ஆகவே பாஸ்போர்ட்டை முதலில் எடுங்கள்: 36 பக்கத்துக்கு 1,500 ரூபாய், தத்கால் என்றால் மேலும் 2,000. திரும்பி வரும் நாளுக்குப் பிறகு குறைந்தது 3 மாதம் அது செல்லுபடியாக இருக்க வேண்டும், இரண்டு பக்கம் காலியாகவும் இருக்க வேண்டும்.

கூட வைக்க வேண்டியவை: 30,000 யூரோவுக்குக் குறையாத பயண மருத்துவக் காப்பீடு (ஷெங்கன் நாடுகள் முழுவதற்கும், தங்கும் எல்லா நாளுக்கும்), போக வர டிக்கெட் முன்பதிவு, தங்குமிடச் சான்று, அப்பா அல்லது அம்மாவின் வங்கிக் கணக்கு விவரம், செலவை ஏற்கிறோம் என்ற கடிதம். விண்ணப்பத்துக்கு முந்தின வாரம் கடன் வாங்கிக் கணக்கில் பெரிய தொகை போடாதீர்கள். மாதாமாதம் வரும் சம்பளமோ தேங்காய்ப் பணமோ சிறிதாக இருந்தாலும் நம்புவார்கள். எங்கிருந்து வந்ததென்று தெரியாத மூன்று லட்சத்தை நம்பமாட்டார்கள். வில்லேஜ் ஆபீஸ் சான்று மலையாளத்தில் மட்டும் இருந்தால் ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும். மொழிச் சிறுபான்மைப் பகுதிகளில் அரசு அலுவலகத்துக்குத் தமிழில் எழுத 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் இடம் தருகிறது. மனுவைத் தாராளமாகத் தமிழில் கொடுங்கள், சான்றை மட்டும் ஆங்கிலத்தில் கேளுங்கள். 18 வயது நிரம்பாத முதலாண்டு மாணவர் என்றால் பெற்றோரின் ஒப்புதலும் கையெழுத்தும் கட்டாயம்.

எல்லாவற்றிலும் கனமான தாள் கல்லூரி தரும் கடிதம். நமக்குக் கோடை விடுமுறை ஏப்ரல், மே. அங்கே ஜூன் கடைசி முதல் ஆகஸ்ட் வரை. இங்கே இடவப்பாதி (தென்மேற்குப் பருவமழை) தொடங்கி வகுப்பு மும்முரமாக நடக்கும் நேரம் அது. 75 சதவீத வருகை வேண்டும்; 90 வேலைநாள் உள்ள பருவத்தில் 22 நாள்தான் விடலாம். மூன்று வாரமும் பயண நாட்களும் சேர்ந்தால் ஏறக்குறைய 17 நாள் போய்விடும், அப்புறம் காய்ச்சல், வேறு வேலை எல்லாவற்றுக்கும் ஐந்து நாள்தான் மிஞ்சும். அதனால் துறைத் தலைவர் வழியாக முதல்வரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். மாணவர் எந்தப் பருவத்தில் படிக்கிறார், எந்தத் தேதியில் வகுப்புக்குத் திரும்ப வேண்டும், தேர்வு எப்போது என்று அக்கடிதத்தில் இருந்தால், திரும்பி வருவாரா என்ற அதிகாரியின் சந்தேகத்துக்கும் அதுவே பதில். அங்கே படித்ததற்கான மதிப்பெண் அலகு (கிரெடிட்) இங்கே தானாக மாறிவராது. அங்கே ஓர் அலகு 25 முதல் 30 மணி நேர உழைப்பு. அதை இங்கே ஏற்பார்களா என்பதைப் போவதற்கு முன்பே எழுதிக் கேளுங்கள்.

கோடைப் பள்ளியின் கட்டணத்தை வங்கி வழியாக அனுப்ப அப்பாவின் பான் எண்ணும், வெளிநாட்டுக்குப் பணம் அனுப்புவதற்கான ஏ2 படிவமும் வேண்டும். 2025 ஏப்ரல் 1 முதல், ஒரு நிதியாண்டில் 10 லட்சம் ரூபாய் வரை அனுப்பினால் டி.சி.எஸ். (பணம் அனுப்பும்போதே வங்கி வசூலிக்கும் வரி) பிடித்தம் இல்லை. உதவித்தொகை விஷயத்தில் ஏமாற வேண்டாம்: மத்திய அரசின் தேசிய வெளிநாட்டுக் கல்வி உதவித்தொகை முதுகலைக்கும் ஆய்வுப் படிப்புக்கும்தான், கோடைப் பள்ளிக்கு இல்லை. கோடைப் பள்ளிகள் தாங்களே தரும் கட்டணக் குறைப்பைத்தான் தேட வேண்டும், அதற்கான கடைசி நாள் பெரும்பாலும் சேர்க்கைக்கு முன்பே முடிந்துவிடும்.

விண்ணப்பத்தைப் பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்து தரலாம். 15 நாளுக்குக் குறைந்தால் பொதுவாக ஏற்கமாட்டார்கள். முடிவு சொல்ல 15 நாள், சிக்கலான விண்ணப்பத்துக்கு 45 நாள் வரை. ஜூலை வகுப்பென்றால் ஏப்ரலிலேயே கொடுத்துவிடுங்கள், மே மாதத்தில் நேரம் கிடைப்பது அரிது. மறுத்தால் காரணத்தைக் குறித்த படிவம் தருவார்கள். அதை எதிர்த்து மேல்முறையீடு செய்ய உரிமை உண்டு. எத்தனை நாளுக்குள், யாரிடம் என்பதும் அந்தத் தாளிலேயே இருக்கும்.

பிரிட்டனும் அயர்லாந்தும் ஷெங்கனில் இல்லை. அங்குள்ள கோடைப் பள்ளிக்கு இந்த 16ஆம் பிரிவைக் காட்டிப் பயனில்லை. பிரிட்டனுக்கு 6 மாதத்துக்குட்பட்ட படிப்பென்றால் சாதாரணப் பார்வையாளர் விசாவே போதும், கட்டணம் முழுவதும் கட்ட வேண்டும்.