ஃபேன்: விசிறியா, ரசிகரா, பற்றாளரா?

‘நான் அந்த பேண்டோட பெரிய ஃபேன்’ என்று ஒருவர் சொன்னால் உடனே புரிந்துவிடுகிறது. அதையே ‘பெரிய ஃபேனா இருந்தேன்’ என்று சொன்னால் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டியிருக்கிறது. இப்போது பாட்டு பிடிக்கவில்லையா, இல்லை, அந்தப் பாட்டு பிடித்திருந்த ஆளே இப்போது இல்லையா? ஃபேன் என்ற சொல்லால் இந்தக் கேள்வியைத் தாங்க முடியாது. அது பிறந்த இடம் அப்படி.

லத்தீனில் ‘ஃபானும்’ என்றால் கோயில். கோயிலைச் சேர்ந்தவர், அங்கே சாமி வந்து ஆடுகிறவர், ‘ஃபனாட்டிகுஸ்’. ரோமில் பெல்லோனா என்ற போர்த் தெய்வத்தின் பூசாரிகளுக்கு இந்தப் பெயர் இருந்தது. ஆவேசம் ஏறினால் தங்கள் கையைத் தாங்களே கீறி ரத்தம் சிந்துவார்கள். ஆங்கிலத்துக்குள் போனபோது இது ‘ஃபனாட்டிக்’ ஆனது. மதவெறியர் என்று ஏசுவதற்கான சொல். 1880களின் இறுதியில் அமெரிக்காவில் பேஸ்பால் பித்துப் பிடித்தவர்களைச் சொல்ல வாலை வெட்டி ‘ஃபேன்’ என்றார்கள். வால் போனதோடு ஏச்சும் போய்விட்டது. குத்துச்சண்டை பார்க்கப் போகிறவர்களை ‘ஃபேன்சி’ என்று அழைத்ததிலிருந்து வந்தது என்று சொல்பவர்களும் உண்டு. பெரும்பாலான அகராதிகள் கோயில் பக்கம்தான் நிற்கின்றன.

இதே வேரில் முளைத்த இன்னொரு சொல் ‘ப்ரொஃபேன்’. கோயிலுக்கு முன்னால், அதாவது வெளியே இருப்பது என்பது அதன் முதற்பொருள். ஆக, இந்தச் சொற்குடும்பத்துக்குத் தெரிந்தது இரண்டே நிலை. உள்ளே போய்ச் சாமியாடலாம், இல்லாவிட்டால் வெளியே நிற்கலாம். வாசற்படியில் உட்கார்ந்திருப்பவருக்கு அதில் பெயரே கிடையாது.

வாசற்படிக்காரர்களைப் பார்க்க வேண்டுமென்றால் பிரைட் ஐஸ் போன்ற ஒரு குழுவைக் கேட்டு வளர்ந்தவர்களைப் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் நெப்ராஸ்கா மாநிலத்து ஒமாஹா நகரத்துக் குழு அது. எழுதிப் பாடுபவர் கானர் ஓபர்ஸ்ட். மைக் மோகிஸும் நேட் வால்காட்டும் கூட இருக்கிறார்கள். நாட்டார் பாடல் சாயல் கொண்ட ராக்; பெரிய நிறுவனங்களைச் சாராமல் சேடில் க்ரீக் என்ற உள்ளூர் லேபிளில் வளர்ந்ததால் ‘இண்டி’. ஓபர்ஸ்ட் பிறந்தது 1980இல். 13 வயதிலேயே சொந்தமாகக் கேசட் போட்டுவிட்டார். இருபது வயதை ஒட்டி அவர் பாடியவற்றில் குரல் நடுங்கும், அழுகைக்கும் கத்தலுக்கும் நடுவில் உடையும், சுருதி விலகினால் விலகியபடியே விட்டிருப்பார்கள். கதவைச் சாத்திக்கொண்டு கேட்க வேண்டிய பாட்டுகள். ஹெட்போனில் கேட்டுக்கொண்டிருந்தாலும் யாராவது அறைக்குள் வந்தால் நிறுத்தத்தான் கை போகும்.

2000இல் வந்த ‘ஃபீவர்ஸ் அண்ட் மிரர்ஸ்’ ஆல்பத்தில் ஒரு இடம் இருக்கிறது. கடைசிப் பாட்டுக்கு முந்தைய பாட்டு முடிந்ததும் வானொலிப் பேட்டி ஒன்று தொடங்கும். அறிவிப்பாளர் மரியாதையாகக் கேட்கிறார். பாடகர் தயங்கித் தயங்கி, கொஞ்சம் தன்னிரக்கத்தோடு பதில் சொல்கிறார். அதற்கு முந்தைய ஆல்பத்தில், குளியல் தொட்டியில் மூழ்கி இறந்த குட்டித் தம்பியைப் பற்றி ஒரு பாட்டு உண்டு. பேட்டியில் அந்தப் பேச்சு வருகிறது. பாடகர் சொல்கிறார்: ஒரு தம்பி மட்டும் இல்லை, வருஷத்துக்கு ஒருவராக ஐந்து பேர், எல்லோருக்கும் ஒரே பெயர், அதனால்தான் ஒரே பாட்டு. பேட்டி முழுக்கப் போலி. அதில் பாடகராகப் பேசுவது ஓபர்ஸ்டே இல்லை. தி ஃபெயின்ட் என்ற இன்னொரு ஒமாஹா குழுவின் பாடகர். தம்பி கதையும் கற்பனைதான்.

முதல் தடவை கேட்டபோது நான் அதை அப்படியே நம்பினேன். தொண்டையில் ஏதோ அடைத்தது கூட நினைவிருக்கிறது. உண்மை தெரிந்தபோது கோபம் வந்தது. கொஞ்ச காலம் அந்த ஆல்பத்தின் பக்கமே போகவில்லை. அப்புறம் வருஷங்கள் கழித்து எதேச்சையாகக் கேட்டபோது வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். தன் அழுகையைத் தானே கிண்டல் செய்கிற அளவுக்கு அந்த இருபது வயதுப் பையனுக்குத் தெளிவு இருந்திருக்கிறது, எனக்குத்தான் இல்லை. ஆல்பத்தில் ஒரு நொடி கூட மாறவில்லை. நம்பினவன், கோபப்பட்டவன், சிரித்தவன் என்று மூன்று பேருக்கும் ஃபேன் என்ற ஒரே சொல்லை எப்படிப் போடுவது?

சரி, தமிழில் என்ன இருக்கிறது?

முதலில் விசிறி. இது ஒரு வேடிக்கையான விபத்து. ஆங்கிலத்தில் ஃபேன் என்ற உருவில் இரண்டு தனித்தனிச் சொற்கள் இருக்கின்றன. காற்று தரும் ஃபேன் வந்தது ‘வன்னுஸ்’ என்ற லத்தீன் சொல்லிலிருந்து. அதற்குப் பொருள் தானியம் புடைக்கும் முறம். கோயில் ஃபேனுக்கும் முற ஃபேனுக்கும் எந்த உறவும் இல்லை. யாரோ எழுத்தை மட்டும் பார்த்து மொழிபெயர்த்தார், விசிறி வந்துவிட்டது. கிண்டலாகத் தொடங்கியிருக்கலாம், ஆனால் ‘தீவிர விசிறி’ என்று பத்திரிகைகள் கிண்டலே இல்லாமல் எழுதி நிலைத்துவிட்டது. எனக்கு இந்தத் தவறு பிடிக்கும். இருபது வருஷம் ஒரு குழுவோடு இருந்தவர் செய்வது முறத்தின் வேலைதானே. 2005 ஜனவரி 25 அன்று பிரைட் ஐஸ் ஒரே நாளில் இரண்டு ஆல்பம் வெளியிட்டது. ஒன்றில் மரக்கிதாரும், அமெரிக்கப் பாடகி எம்மிலூ ஹாரிஸின் துணைக்குரலும். மற்றதில் மின்னணு ஓசைகள். அன்றைக்கு இரண்டையும் வாங்கி இரண்டையும் கொண்டாடியவர் இன்று எதைக் கையில் வைத்திருக்கிறார், எது பதராகப் பறந்தது என்று கேட்டுப் பாருங்கள். பதில் ஆளுக்கு ஆள் மாறும். ஆனாலும் எழுத்தில் விசிறியைப் பரிந்துரைக்க மாட்டேன்; இது எழுத்தைப் பார்த்துச் செய்த பிழை, அவ்வளவுதான்.

அடுத்தது ரசிகர். ‘ரச’ என்ற வடசொல்லுக்குச் சாறு, சுவை என்று பொருள். பாதரசத்தில் இருப்பதும் அதே ரசம்தான். ரகரம் தமிழில் சொல்லுக்கு முதலில் வராது என்பதால் பழைய முறையில் ‘இரசிகர்’ என்று எழுதுவார்கள். பொருளில் ஃபேனைவிட இது எவ்வளவோ மேல். வெறி இல்லை, கோயில் இல்லை. சுவை அறிந்தவர், அவ்வளவுதான். இதற்கு நேரான தமிழ்ச் சொல் சுவைஞர். கலைஞர் என்பது போலவே அமைந்தது, ஒலியும் நன்றாக இருக்கிறது, ஆனாலும் பேச்சில் ஏறவே இல்லை. ‘நான் பிரைட் ஐஸின் சுவைஞர்’ என்றால் கேட்பவர் ஒரு நிமிஷம் முழிப்பார்.

சுவை பற்றிப் பேசும்போது தொல்காப்பியரை விட்டுவிட்டுப் போக முடியாது. சுவையால் உள்ளத்தில் எழும் உணர்ச்சி உடலில் வெளிப்படுவதை அவர் மெய்ப்பாடு என்கிறார். எட்டு மெய்ப்பாடுகளில் அழுகையும் ஒன்று. அது பிறக்க நான்கு காரணம் சொல்கிறார்: இளிவு, இழவு, அசைவு, வறுமை. பிறர் இகழ்வது இளிவு, இழப்பது இழவு. வறுமைக்கு விளக்கம் வேண்டாம். என்னை நிறுத்துவது அசைவுதான். முன்பிருந்த நிலை கெட்டு வேறாகி வருந்துவது என்று அதற்கு உரை சொல்கிறார்கள். பதினேழு வயதில் கேட்டு அழுத பாட்டை நாற்பதில் கேட்கும்போது, பாட்டு அழ வைப்பதில்லை. இந்தப் பாட்டுக்கு அழுத ஒருவன் இருந்தானே என்பதுதான் என்னமோ செய்கிறது. அதற்குப் பெயர் அசைவு என்றே எடுத்துக்கொள்கிறேன். உரையாசிரியர்கள் மன்னிக்கட்டும்.

ரசிகர், சுவைஞர் இரண்டிலும் ஒரு குறை உண்டு. சுவை நாக்கோடு தொடர்புள்ளது. பிடிக்கும் அல்லது பிடிக்காது. பிடிக்காமல் போன பிறகும் விடாமல் இருப்பதைச் சுவை என்ற சொல்லால் சொல்ல முடியாது. அதற்குத்தான் ‘பற்று’.

பற்று என்ற சொல்லைக் கொஞ்சம் கொட்டிப் பாருங்கள். தீ பற்றுகிறது. கொடி கொம்பைப் பற்றுகிறது. அந்தக் கொம்பு பற்றுக்கோடு. வீக்கத்தின் மேல் பூசிக் காயவிடும் மருந்து பற்று, பேச்சில் ‘பத்து’. உண்டு முடித்ததும் தேய்க்கப் போடுவது பற்றுப் பாத்திரம். உணவு போய்விட்டது, ஒட்டியிருப்பது மிச்சம். கணக்குப் புத்தகத்தில் பற்று என்றால் வாங்கிக்கொண்டது, அதாவது நாம் தர வேண்டியது. அப்புறம், துறவைப் பேசும் வள்ளுவர், விட வேண்டியதைச் சொல்ல ஒரே குறளில் திரும்பத் திரும்ப இந்தச் சொல்லைத்தான் போடுகிறார். ஒரு ரசிகரின் இருபது வருஷம் இந்தப் பொருள்களுக்குள் கிட்டத்தட்ட வரிசையாகவே அடங்கிவிடுகிறது: முதலில் தீ, பிறகு கொம்பு, அதற்குப் பிறகு மருந்துப் பூச்சு, கடைசியில் பாத்திரத்தில் ஒட்டியது. கணக்கு மட்டும் முடிவதில்லை.

பிரைட் ஐஸ் 2011இல் ஒரு ஆல்பம் போட்டது. அடுத்தது 2020இல்தான் வந்தது, ஒன்பது வருஷ இடைவெளி. 2022இலிருந்து பழைய ஆல்பங்களை மறுபடி வெளியிட்டார்கள். ஒவ்வொன்றோடும் சின்னதாக ஒரு துணைப் பதிவு, அதில் அந்தக் காலத்துப் பாட்டுகளையே புதிதாகப் பாடியிருக்கிறார்கள். இப்போது பாடுபவருக்கு நாற்பதைத் தாண்டிவிட்டது. குரல் கனத்து, கீழே இறங்கி, நடுக்கம் குறைந்திருக்கிறது. முன்பு கத்திய வரியை இப்போது கிட்டத்தட்டப் பேசிவிட்டுப் போகிறார். பழையதுதான் உண்மை என்று பிடிவாதமாக இருப்பவர்களும் உண்டு, இப்போதுதான் சொற்களே காதில் விழுகின்றன என்பவர்களும் உண்டு. நான் இரண்டாவது கட்சி. ஆனால் அந்தப் போலிப் பேட்டிக்காகப் பழையதையும் வைத்திருக்கிறேன்.

‘பற்றாளர்’ என்று ஆளைக் குறிக்கலாமா என்றால், மொழிப்பற்றாளர், நாட்டுப்பற்றாளர் என்று பெரிய விஷயங்களுக்குப் பழகிய சொல் அது. ஒரு பேண்டுக்குப் போட்டால் மேடையில் மாலை போட்ட மாதிரி இருக்கும். ஆளுக்கு ரசிகர் போதும், தனித்தமிழில் எழுதுபவர்கள் சுவைஞர் என்று துணிந்து எழுதலாம். உறவைச் சொல்ல மட்டும் பற்று. ‘பெரிய ஃபேனா இருந்தேன்’ என்பதைத் தமிழில் எழுதச் சொன்னால் நான் இப்படித்தான் எழுதுவேன்: ‘அந்தக் குழுவின் மேல் எனக்குப் பற்று உண்டு, கேட்டுத்தான் நாளாகிறது.’