முயலுக்கு ஏது பரம்பரை?

ஒட்டுசுட்டான் பக்கத்திலிருந்து சென்ற வாரம் வந்த குடும்பத் தலைவர் ஒருவர் நான்கு மாதங்களாக இருமியிருக்கிறார். சளியில் இரத்தம் கண்ட பின்பும், மகளின் திருமணப் பேச்சு முடியட்டும் என்று வீட்டார் அதை மறைத்திருந்தனர். "எங்கட பரம்பரையில இந்த வருத்தம் இல்லை, டொக்டர்" என்பதே, காசநோய் என்று நான் சொன்னதும் அவருடைய மனைவி சொன்ன முதல் வார்த்தை. இதை எத்தனையாவது தடவையாகக் கேட்கிறேன் என்று எண்ணுவதை விட்டுவிட்டேன்.

பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் மருத்துவர்கள் பலரும் காசநோயைப் பரம்பரை நோயென்றே நம்பினர். ஒரே வீட்டில் தாய், மூத்த மகன், கடைக்குட்டி என்று வரிசையாக நோயில் விழுந்தால் அது இரத்தத்தில் ஓடுகிறது என்று தோன்றுவது இயல்பே. அடைத்த யன்னலுக்குள் அவர்கள் சுவாசித்த காற்று ஒன்றே என்பதுதான் கண்ணுக்குப் படவில்லை. வில்மன் என்ற பிரெஞ்சு இராணுவ மருத்துவர், நாட்டுப்புறத்திலிருந்து திடகாத்திரமாக வந்த இளைஞர்கள் நெருக்கமான பாசறைகளில் தங்கிய பின்னர் நோயாளிகளாவதைக் கவனித்தார். காசநோயால் இறந்தவரின் உடலிலிருந்து எடுத்த பொருளை முயல்களுக்கு ஏற்றி, அவற்றிலும் அதே நோய் தோன்றுவதை 1865 இல் காட்டினார். இறந்த மனிதருக்கும் முயலுக்கும் என்ன பரம்பரை உறவு? ஆயினும், 1882 மார்ச் 24 அன்று பேர்லினில் ஜேர்மன் மருத்துவர் ரொபேர்ட் கொக் கிருமியையே எடுத்துக் காட்டும் வரை பலர் இணங்கவில்லை. எங்கள் கலியாணத் தரகர்கள் இன்றும் வில்மனுக்கு முற்பட்ட காலத்திலேயே இருக்கிறார்கள்.

தொற்றுநோய் என்று ஒப்புக்கொள்பவர்களோ நோயாளிக்குக் கொல்லையில் கொட்டில் போட்டு, சாப்பாட்டுக் கோப்பையையும் தேநீர்ப் பேணியையும் பிரித்துவிடுகிறார்கள். கிருமி பரவுவது காற்றில், பேணியில் அன்று. வீட்டிலிருந்தே மருந்தெடுத்தவர்களும் ஆரோக்கிய நிலையத்தில் (காசநோயாளரைத் தங்கவைத்துப் பராமரிக்கும் மருத்துவமனை) தங்கியவர்களும் ஏறத்தாழ ஒரேயளவில் குணமடைந்தனர் என்பதையும், வீட்டாருக்கு அதனால் மேலதிக ஆபத்து நேரவில்லை என்பதையும் சென்னையில் 1950களின் பிற்பகுதியில் தொடங்கிய ஆய்வு எப்போதோ நிறுவிவிட்டது.

இரண்டு வாரங்களுக்கு மேல் இருமினால் மருந்துக்கடை இருமல் பாணியை நிறுத்திவிட்டு, மார்பு நோய்ச் சிகிச்சை நிலையத்தில் சளியைப் பரிசோதியுங்கள். அங்கே பரிசோதனையும் மருந்தும் இலவசம். பொதுவாக ஆறு மாதங்கள் மருந்து எடுக்கவேண்டும். இரண்டாம் மாதத்தில் உடம்பு தேறியதும் நிறுத்துபவர்களோடு வாதாடி எனக்குத் தொண்டை வறண்டுவிட்டது. சிறுநீர் செம்மஞ்சளாகப் போவது மருந்தின் நிறம், இரத்தமன்று.

அந்த வீட்டில் எல்லோரையும் பரிசோதனைக்கு வரச் சொல்லியிருந்தேன். மகள் மட்டும் இன்னும் வரவில்லை. அம்மா, கோபிக்காமல் திங்கட்கிழமை அவரை அழைத்து வாருங்கள்.