தெருவில் அடி விழும்போது: பாக்ஸர் நிற்பாரா, சிலம்பக்காரர் நிற்பாரா?

பிள்ளையைப் பயிற்சியில் சேர்க்க வருகிற பெற்றோர் சுற்றி வளைத்துக் கடைசியில் கேட்பது இதைத்தான்: "நிஜமாவே நாலு பேர் வந்து அடிச்சா எது சார் கை கொடுக்கும், பாக்ஸிங்கா சிலம்பமா?" பாக்ஸிங், ஜூடோ, எம்.எம்.ஏ. (பல கலைகளைக் கலந்த சண்டை விளையாட்டு) பழகுகிறவர்களைக் கேட்டால் பாரம்பரியக் கலையெல்லாம் மேடைக்கான ஆட்டம் என்று சிரிப்பார்கள். குத்துவரிசை, அடிமுறை, களரி பழகுகிறவர்களோ, "உங்களுடையது விதிக்குள் ஆடுகிற விளையாட்டு, எங்களுடையது உயிரெடுக்கிற கலை" என்பார்கள். இரண்டு பேச்சிலும் பாதி உண்மை. தெருவில் ஆளைக் கவிழ்ப்பது மீதிப் பாதி.

அடிப்படையில் கலையின் பெயர் எதையும் தீர்மானிப்பதில்லை. எதிரில் நிற்பவன் முரண்டு பிடிக்கும்போது பழகினாரா, அவன் ஒத்துழைக்கும்போது மட்டும் பழகினாரா என்பதில்தான் பெரும்பகுதி அடங்கியிருக்கிறது. 1882-ல் டோக்கியோவில் ஜிகோரோ கானோ ஜூடோவைத் தொடங்கியபோது இதைச் சரியாகப் பிடித்தார். ஜப்பானின் பழைய சண்டைக்கலையான ஜுஜுட்சுவில் இருந்த அடிகளையும் குத்துகளையும் கட்டா எனும் ஒத்திகைக்கு ஒதுக்கிவிட்டு, மிச்சமிருந்த வீச்சுகளையும் பிடிகளையும் இருவர் முழு பலத்தோடு எதிர்த்து நின்று பழகும்படி செய்தார். உயிர்நிலையில் அடிக்கும் அடியை முழு வேகத்தில் தினமும் பழக முடியாது. பழகினால் மறுநாள் பழக ஆள் இருக்காது. அபாயம் குறைந்த நுட்பத்தை ஆயிரம் தடவை நிஜமாகச் செய்தவர், அபாயமான நுட்பத்தை ஆயிரம் தடவை காற்றில் செய்தவரை மடக்கிவிடுவார்.

1993 நவம்பரில் அமெரிக்காவின் டென்வரில் நடந்த முதல் யு.எஃப்.சி. எனும் கலப்புச் சண்டைப் போட்டியில் பாக்ஸர், கராத்தேக்காரர், சுமோ வீரர் எல்லாரும் கலந்த களத்தில் பிரேசிலிய ஜியு-ஜிட்சு வீரர் ராய்ஸ் கிரேசி கடைசிவரை வென்றது இந்த வகையான தரைப்பிடிப் பயிற்சியால்தான். 2017 ஏப்ரலில் சீனாவின் செங்டுவில் பாரம்பரியச் சீனக் கலையான தாய்ச்சியின் ஆசான் வெய் லெய், எம்.எம்.ஏ.க்காரரான ஷூ ஷியாவ்தோங் முன் அரை நிமிடம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. அந்த வீடியோவைக் காட்டிப் பாரம்பரியக் கலை எல்லாமே பொய் என்று முடிவுகட்டுகிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். அங்கே மோதியது ஒருவரோடு ஒருவர்தான், கத்தி இல்லை, நேரம் குறித்து வந்திருந்தார்கள், சுற்றிலும் பார்வையாளர்கள். தெருவில் இந்த நான்கில் ஒன்றுக்கும் உத்தரவாதம் கிடையாது.

உங்கள் வகுப்பு எந்த ரகம் என்று அறிய மணிக்கட்டுப் பிடியை எடுத்துக்கொள்ளுங்கள். எல்லா ஊரிலும் முதலில் சொல்லிக்கொடுப்பது அதுதான். கூட்டாளி பிடித்தபடி சிலைபோல நிற்பார், நீங்கள் கட்டைவிரல் பக்கமாகச் சுழற்றி விடுவித்துக்கொள்வீர்கள். தெருவில் மணிக்கட்டைப் பிடிப்பவன் ஒன்று இழுத்துக்கொண்டு போவான், இல்லை மற்ற கையால் அறைவான். ஆகவே மூன்று கட்டமாகச் சோதியுங்கள். முதலில் மெதுவாக. பிறகு கூட்டாளி இழுத்துக்கொண்டே நடக்க வேண்டும். மூன்றாவதில் அவர் மற்ற கையில் கிளவுஸ் மாட்டிக்கொண்டு முப்பது நொடி உங்கள் முகத்தைத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். மூன்றாவது கட்டத்தில் பத்துக்கு நான்கு தடவையாவது தப்ப முடியாத நுட்பத்தைத் தற்காப்பு என்று நம்பாதீர்கள். கலையழகுக்காகத் தாராளமாகப் பழகுங்கள், தவறே இல்லை.

விளையாட்டு உடம்பில் எழுதிவிடும் பழக்கம்

விளையாட்டு வீரரின் குறை வேறு இடத்தில் இருக்கிறது. விதி எதைத் தடுக்கிறதோ, அதற்கான காப்பு உடம்பில் வளர்வதில்லை. ஒலிம்பிக் டேக்வாண்டோவில் முகத்தில் குத்தக் கூடாது, இடுப்புக்குக் கீழே உதைக்கவும் கூடாது. அதனால் கை தாழ்ந்தே இருக்கும், முன்கால் திறந்தே கிடக்கும். ஜூடோவில் 2013 முதல் காலைக் கையால் பிடிப்பதற்குத் தடை. இடுப்புக்குக் கீழே பாய்ந்து கட்டிக்கொள்பவனைத் தடுக்கும் பழக்கம் புதுத் தலைமுறையிடம் மெல்ல மங்குகிறது. பாக்ஸர் கட்டிப்பிடித்ததும் நடுவர் பிரித்துவிடுவார் என்று உடம்பே எதிர்பார்க்கும். தெருவில் கட்டிப்பிடித்தவன் விடமாட்டான், சட்டையைத் தலைக்கு மேலே இழுத்து மூடிவிட்டு அடிப்பான்.

கராத்தே போட்டியில் தொட்டதும் நிறுத்தும் கட்டுப்பாடுதான் பெருமை. டோக்கியோ ஒலிம்பிக்கின் கனரக எடை இறுதிச் சுற்றில் ஈரானின் சஜாத் கஞ்சாதேவைத் தலையில் உதைத்து மயங்கவைத்த சவூதி வீரர் தாரெக் ஹமிதி தகுதி நீக்கம் செய்யப்பட்டார். விழுந்து கிடந்தவருக்குத் தங்கம் போனது. போட்டியின் நியாயப்படி அது சரி. ஆனால் பத்து வருடம் அப்படிப் பழகிய கால், தேவைப்படும் நாளிலும் தோலைத் தொட்டதும் நின்றுவிடலாம். வாரத்தில் ஒரு நாளாவது கனமான பையில் முழு விசையோடு உதைக்கச் சொல்வது இதற்காகத்தான்.

தரைப்பிடியில் தேர்ந்தவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பயிற்சி மெத்தையில் ஒருவனைக் கீழே தள்ளி மேலே ஏறுவது வெற்றி. தார் ரோட்டில் அதையே செய்தால் உங்கள் முழங்காலும் முழங்கையும் முதலில் உரியும், அவனுடைய நண்பனின் கால் உங்கள் தலை உயரத்துக்கு வந்துவிடும். விழுந்தாலும் உடனே எழுந்து நிற்பதைத் தனிப் பயிற்சியாக வைத்துக்கொள்ளுங்கள்: ஒரு கையைப் பின்னால் ஊன்றி, எதிர்ப்பக்கக் காலை ஊன்றி, இடுப்பைத் தூக்கி, நடுவில் மற்ற காலைப் பின்னுக்கு இழுத்து, பார்வை எதிராளியை விட்டு நகராமல் எழ வேண்டும். பிரேசிலிய ஜியு-ஜிட்சுவில் இது முதல் மாதப் பாடம். பட்டம் ஏற ஏற மறந்துவிடுகிறார்கள்.

கழுத்தை நெரிக்கும் பிடியிலும் எச்சரிக்கை தேவை. சரியாக விழுந்தால் பத்து நொடிக்குள் நினைவு தப்பிவிடும். மெத்தையில், தோற்றதாக ஒப்புக்கொண்டு கையால் தட்டினால் விடுவார்கள், தட்டாவிட்டால் நடுவர் விலக்குவார். தெருவில் பயத்தில் இறுக்கிப் பிடித்தவருக்கு எதிராளி துவண்டதே தெரிவதில்லை.

முட்டியும் பல்லும்

பாக்ஸர்கள் மறப்பது கையில் சுற்றும் துணியையும் கிளவுஸையும். நாலரை மீட்டர் துணி சுற்றி, பத்து அவுன்ஸ் கிளவுஸ் போட்டுப் பழகிய அதே குத்தை வெறும் கையால் நெற்றியில் இறக்கினால் உடைவது பெரும்பாலும் கைதான், குறிப்பாகச் சுண்டுவிரலுக்குக் கீழே உள்ள எலும்பு. 1988 ஆகஸ்டில் நியூயார்க்கின் ஹார்லெமில் மிட்ச் கிரீனோடு தெருவில் மோதியபோது உலக ஹெவிவெயிட் சாம்பியன் மைக் டைசனுக்கே வலக்கை எலும்பு விரிசல் கண்டது. முகத்தை அடிக்க உள்ளங்கையின் அடிப்பகுதி போதும். கை முட்டியை விலா, வயிறு போன்ற மென்மையான இடங்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பல்லில் பட்டு முட்டியில் கீறினால் அலட்சியம் வேண்டாம். மடக்கிய விரலில் பல் இறங்கும்போது தசைநாண் வரைக்கும் கிருமி போகும். விரலை நீட்டியதும் அந்தத் துளை உள்ளே நகர்ந்து மூடிக்கொள்ளும். வெளியே அரிசியளவு காயம், இரண்டு நாளில் விரல் வீங்கி மடங்காது. ஓடும் குழாய்த் தண்ணீரில் நன்றாகக் கழுவி, அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்ப் பல் பட்டது என்று சொல்லிவிட வேண்டும். வெட்கப்பட்டுக் கதவிடுக்கில் மாட்டியது என்று சொல்பவர்களுக்குத் தையல் போட்டு மூடிவிடும் அபாயம் உண்டு.

கத்தி வந்தால் இரு தரப்பும் ஒன்றுதான்

குத்துவரிசையானாலும் ஜப்பானின் அய்க்கிடோவானாலும் கத்தித் தடுப்பு என்று காட்டப்படுவது பெரும்பாலும் ஒரே காட்சி. எதிராளி ஒற்றைக் குத்தாகக் கையை நீட்டி அப்படியே நிறுத்துவார், ஆசான் மணிக்கட்டைப் பிடித்து முறுக்குவார். நிஜத்தில் குத்துபவன் இடது கையால் உங்கள் சட்டையையோ தோளையோ பிடித்துக்கொண்டு, வலது கையை இடுப்பருகே வைத்து, தையல் மிஷின் ஊசிபோலக் குத்திக் குத்தி இழுப்பான். அநேகமாகக் குத்து வாங்கியவருக்குக் கத்தியே தெரிந்திருக்காது, யாரோ கையால் குத்துவதாகத்தான் நினைப்பார்.

பழைய வெள்ளை டி-ஷர்ட் ஒன்றை மாட்டிக்கொண்டு, கூட்டாளியிடம் சிவப்பு மார்க்கர் பேனாவைக் கொடுத்து, பத்து நொடி இப்படித் தாக்கச் சொல்லுங்கள். கண்ணாடி அணிந்தாக வேண்டும். முடிந்ததும் கோடுகளை எண்ணினால் எந்தக் கலைக்காரருக்கும் வாய் அடைத்துவிடும். 1983-ல் அமெரிக்கக் காவல் அதிகாரி டென்னிஸ் டுவெல்லர் காட்டியபடி, 21 அடி தூரத்தை ஓர் ஆள் ஒன்றரை நொடியில் கடந்துவிடுவான். உறையிலிருந்து துப்பாக்கியை எடுத்துச் சுடவே அந்த நேரம்தான் ஆகும். வெறும் கைக்காரர் என்ன செய்வார்? ஓட இடமிருந்தால் ஓட வேண்டும். இல்லையென்றால் இடையில் நாற்காலியோ பைக்கோ பையோ வைக்க வேண்டும். அதற்கும் வழியில்லாதபோது மட்டும் கத்திக் கையை இரண்டு கையாலும் கட்டி மார்போடு அணைத்துக்கொண்டு தலையால் முட்டலாம். அதிலும் வெட்டு விழும்.

இந்த இடத்தில் சிலம்பத்துக்கு உரிய மரியாதையைக் கொடுத்தாக வேண்டும். அரிவாளோ கத்தியோ ஏந்தியவனிடமிருந்து எட்டி நிற்கும் அளவு, பின்பக்கம் யார் வருகிறார் என்ற உணர்வு, நிற்காமல் மாறும் காலடி ஆகிய மூன்றும் பாக்ஸிங் ரிங்கில் கிடைக்காது. ஆனால் வேகமாகச் சுற்றிக் காட்டுவது வேறு, அடித்து நிறுத்துவது வேறு. தலைக்கவசமும் கைக்காப்பும் மாட்டிக்கொண்டு, பஞ்சு சுற்றிய கம்பால் எதிராளியோடு அளவாக மோதாத சிலம்பக்காரருக்கு அந்த எட்டி நிற்கும் அளவு கண்ணில் மட்டும்தான் இருக்கும். வர்மமும் அப்படியே. படுவர்மம் 12, தொடுவர்மம் 96 என்று புள்ளிகள் மனப்பாடமாக இருக்கலாம். வியர்வையோடு நகர்கிற, சட்டை போட்ட உடம்பில் விரல் நுனி அளவு இடத்தைக் கண்டடிப்பது வேறு காரியம். தாடை, தொண்டை, விதைப்பை போன்று பெரிதாக, எளிதில் எட்டுகிற இடங்கள் மட்டுமே பரபரப்பில் கைக்குச் சிக்கும்.

கை கலப்பதற்கு முந்திய அரை நிமிடம்

நம் ஊர்த் தகராறுக்கு ஒரு வரிசை உண்டு. குரல் உயரும், நெருங்கி வருவான், கைலியை மடித்துக் கட்டுவான், வாட்சைக் கழற்றுவான், இல்லை போனைப் பக்கத்தில் இருப்பவனிடம் கொடுப்பான். கூட வந்தவன் பேசாமல் உங்கள் பக்கவாட்டுக்கு நகர்ந்தால், பேசிக்கொண்டிருப்பவனைவிட அவன்தான் ஆபத்து. திடீரென்று பேச்சு நின்று, பார்வை சாட்சியைத் தேடுவதுபோல இருபுறமும் போனால் அடுத்தது அடி.

அந்த நேரத்தில் சண்டை நிலையில் நிற்காதீர்கள், அது அவனுக்கு அழைப்பு. இரண்டு உள்ளங்கையும் மார்பு உயரத்தில் வெளியே பார்த்திருக்க, ஒரு கால் அரை அடி பின்னால், நீட்டிய கைக்கு எட்டாத தூரத்தில் நில்லுங்கள். "அண்ணே, விடுங்கண்ணே, தப்புதான்" என்று சத்தமாகச் சொல்லுங்கள். சுற்றி நிற்பவர்கள் காதில் விழ வேண்டும், கை முகத்துக்கருகே தயாராகவும் இருக்கும். ஹெல்மெட் கையில் இருந்தால் தொங்கவிடாமல் முன்னால் பிடியுங்கள். அவனுடைய கையில் இருப்பதையும் கவனியுங்கள், ஏனென்றால் ஹெல்மெட் அடி மண்டையைப் பிளக்கும்.

சாம்பியன்கள் இதைச் சுலபமாகத் தவறவிடுகிறார்கள். தாய் பாக்ஸிங்கில் பெயர் பெற்ற அலெக்ஸ் காங், 2003 ஆகஸ்டில் சான் பிரான்சிஸ்கோவில் தன் ஜிம் முன்னால் நிறுத்தியிருந்த காரை இடித்துவிட்டு ஓடிய வண்டியைப் பயிற்சி உடையிலேயே துரத்திப் பிடித்தார். ஓட்டுநர் சுட்டதில் இறந்துபோனார். அவருடைய உதையின் வேகத்துக்கு அங்கே வேலையே இருக்கவில்லை.

அடித்த பிறகு

ஒற்றை அடியில் சாவு என்று செய்தி வந்தால், பல சமயம் கொன்றது கை இல்லை, தரை. நினைவு தப்பி விழுபவர் கையை ஊன்றமாட்டார், பின்மண்டை சிமெண்டில் மோதும். எழுந்து உட்கார்ந்து பேசி, டீகூடக் குடித்தவர் சில மணி நேரத்தில் சரிந்துவிடலாம். மண்டைக்குள் கசியும் ரத்தம் மெல்ல அழுத்துவதுதான் காரணம். தலைவலி கூடுவது, திரும்பத் திரும்ப வாந்தி, தூக்கக் கலக்கம், ஒரு கண்ணின் கருமணி மட்டும் பெரிதாவது, வலிப்பு இவற்றில் ஒன்று தெரிந்தாலும் 108-ஐ அழையுங்கள். கத்தி உடம்பில் செருகியிருந்தால் பிடுங்காதீர்கள். கை, காலில் ரத்தம் பீறிட்டால் துணியால் விடாமல் அழுத்துங்கள். நிற்காவிட்டால் காயத்துக்கு மேலே இரண்டு அங்குலம் தள்ளி, மூட்டில் படாமல் அகலமான துணியால் இறுக்கிக் கட்டி, கட்டிய நேரத்தைக் குறித்துவையுங்கள்.

சட்டத்தில் தற்காப்புரிமை 2024 ஜூலை முதல், இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையிலான பிரிவுகளில் இருக்கிறது. ஆபத்து இருப்பதாக நியாயமாக அஞ்சும் நொடியில் உரிமை தொடங்கும், அந்த அச்சம் தீர்ந்ததும் முடிந்துவிடும். தேவைக்கு மேல் காயப்படுத்தக் கூடாது என்பது பிரிவு 37. விழுந்தவனை மிதித்தாலோ, ஓடுபவனைத் துரத்தி அடித்தாலோ வழக்கு உங்கள் மேல் திரும்பும். பல் ஒன்று உடைந்தாலே 116-ன்படி கொடுங்காயம். கறுப்புப் பெல்ட், மாநிலப் பதக்கம் இருப்பதை எதிர்த்தரப்பு வக்கீல் நிச்சயம் எடுத்துப் போடுவார்.

சின்னக் காயம் என்றாலும் அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போய், எத்தனை பேர், எதனால், எங்கே அடித்தார்கள் என்று மருத்துவரிடம் சொல்லி ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) பதிவில் ஏற்றச் சொல்லுங்கள். காவல் நிலையத்தில் புகார் கொடுத்தால் சி.எஸ்.ஆர். எனும் புகார் ஏற்பு ரசீது வாங்காமல் வெளியே வராதீர்கள். பக்கத்துக் கடையின் சிசிடிவி பதிவு சில நாளில் தானாக அழிந்துவிடும். அதை எடுத்து வைக்கும்படி கடைக்காரரிடமும் காவல் நிலையத்திலும் அன்றே சொல்லிவிடுங்கள்.